பெயர்ச்சீட்டைக் கடைசியில் படியுங்கள்

மெரினா உழைப்பாளர் சிலையைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்காத சென்னைக்காரர் இருக்க மாட்டார். அதைச் சுற்றி நடந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு காட்சி, அவ்வளவுதான். பக்கவாட்டில் போய் நின்றால்தான் பாரம் எந்த உடம்பில் எங்கே இறங்குகிறது என்று பிடிபடும்: வளைந்த முதுகு, இறுகிய தோள், மண்ணில் ஊன்றிய கால். செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வைக்கப்பட்டது 1959-ல். அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் அவர் செய்ததே, அதே ஆண்டுதான். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடுங்கள். ஒன்றில் தசை பேசுகிறது, மற்றதில் நடை. டிக்கெட் கிடையாது, விடுமுறை நாள் கிடையாது. வெயில் சாய்ந்த பிறகு, நாலரை மணிக்கு மேல் போனால் நிழல் நீளமாக விழுந்து உருவத்தின் மேடு பள்ளம் துலங்கும். உச்சி வெயிலில் வெண்கலம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

ஓவியக் கூடங்களைப் பற்றிச் சொல்ல வந்து சிலையில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘எனக்குப் பிடித்த ஓவியர்’ என்று ஒருவரைக் கண்டுபிடிக்க நினைப்பவர் உலகத்தின் எல்லாப் பெரிய பெயர்களையும் கைப்பேசியில் புரட்டிக்கொண்டிருப்பதைவிட, ஒரே ஊரில் ஒரே பள்ளியிலிருந்து கிளைத்த ஆட்களை வரிசையாகப் பார்ப்பது பலன் தரும். ஆசிரியரையும் மாணவரையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் யார் எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். சென்னையில் அது சாத்தியம். டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல் இந்திய முதல்வராக ராய் சௌத்ரி 1929-ல் வந்தார். அவருக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். அவர்களைச் சுற்றியும் அவர்களுக்குப் பின்னும் எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் என்று ஒரு நீண்ட சங்கிலி. மெட்ராஸ் ஓவிய இயக்கம் என்று இதற்குப் பெயர். ராய் சௌத்ரியிடம் தசையாக இருந்தது, அவருக்கு அடுத்த தலைமுறைகளிடம் கோடாக மாறியது. இந்த இயக்கத்தைத் திறக்கும் சாவி கோடுதான்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை மறந்துவிட்டு வந்து பாந்தியன் சாலையில் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புபவர்கள் வாரந்தோறும் உண்டு. அந்த வளாகத்தில் பல கட்டடங்கள். பழுதுபார்ப்புக்காக ஏதாவது ஒன்று அடைபட்டிருப்பதும் சகஜம். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. போனதும் செய்யக்கூடாத காரியம், காசு கொடுத்தாயிற்றே என்று எல்லாக் கட்டடத்திலும் நுழைந்து வருவது. நாணயம், பாறை, பாடம் செய்த விலங்கு எல்லாம் பார்த்துவிட்டு வெண்கலக் கூடத்துக்கு வரும்போது கால் கடுக்கும், கண் ஒன்றையும் வாங்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாருடைய கண்ணும் உழைக்காது. நேரே வெண்கலக் கூடத்துக்குப் போங்கள்.

அங்கே திருவாலங்காட்டு நடராசரிடம் கூட்டம் இருக்கும். நியாயம்தான். ஆனால் கோடு படிக்கப் பழகுபவருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. மூன்று கைகள்: ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. ஆண் பாதியின் ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். காளை இப்போது இல்லை. கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது. முகத்தைப் பார்க்காமல் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் தோளிலிருந்து கணுக்கால் வரை கண்ணால் இழுத்து வாருங்கள். ஒரு பக்கம் கோடு ஓரளவு நேராக இறங்குகிறது. மறுபக்கம் இடையில் உள்ளே போய், இடுப்பில் வெளியே வளைந்து, தொடையில் மெல்ல அடங்குகிறது. ஓர் உடம்புக்கு இரண்டு வெளிக்கோடு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நகை, ஆடை மடிப்பு எல்லாம் மறைந்து இந்த இரண்டு கோடு மட்டும் மிஞ்சும். பிறகு வலமிருந்து இடமாக அரைவட்டம் நடங்கள். நாலைந்து அடிக்கு ஒரு முறை நின்றால் போதும், வெளிக்கோடு ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறாக இருக்கும்.

கண்ணாடிப் பேழையும் விளக்கும் இருக்கும் இடத்தில் பெரிய தொல்லை, பார்ப்பவரின் பிம்பமே சிலை மேல் விழுவது. வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் சிலைக்கு நடுவே உங்கள் சட்டைதான் தெரியும். கறுப்போ கருநீலமோ போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் பளபளத்தால் நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நகர்ந்து சாய்வாகப் பார்க்கலாம். புகைப்படம் எடுக்க அனுமதி உள்ள இடங்களில் முதலில் படைப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை ஒரு படம், அடுத்து படைப்பை ஒரு படம் என்று இதே வரிசையில் எடுங்கள். மாற்றி மாற்றி எடுத்தால் வீட்டுக்குப் போனதும் எந்தச் சீட்டு எதற்கு என்று குழம்பிவிடும். ஃபிளாஷ் எங்கும் வேண்டாம்.

பெயர்ச்சீட்டு என்றதும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓவியம் மாட்டிய சுவருக்கு வருபவர்களில் பாதிப் பேர் முதலில் குனிந்து சீட்டைப் படிப்பார்கள். பெயர் தெரிந்ததாக இருந்தால் மரியாதையோடு பத்து நொடி நிற்பார்கள், தெரியாததாக இருந்தால் மூன்று நொடி. இப்படிப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த பெயர்தான் பிடித்த பெயராகும். புதிய ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் முதல் சுற்றில் சீட்டைப் பார்க்காமல் கூடம் முழுவதும் நடந்துவிடுங்கள், பத்து நிமிடம். இரண்டாம் சுற்றில் மூன்றே மூன்று படைப்புக்குத் திரும்பி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது தேவை. ஐந்து நிமிடம் குறைவாகத் தோன்றும். நின்று பாருங்கள், இரண்டாம் நிமிடத்திலேயே கால் நகரத் துடிக்கும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? படத்தின் மூலைக்கு மூலை அளவைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்றால் முழுப் படமும் கண்ணுக்குள் அடங்கும். ஒரு மீட்டர் மூலைவிட்டமுள்ள ஓவியத்துக்கு ஒன்றரை மீட்டர். பிறகு ஒரு கை நீளத்துக்கு அருகே வந்து பரப்பைப் பாருங்கள்: தூரிகையின் தடமா, கத்தியால் வழித்ததா, அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா. மறுபடி பின்னால் போங்கள். அருகே வரும்போது தோள்பையை முன்னுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். காட்சிக் கூடங்களில் சேதம் உண்டாக்குவது பெரும்பாலும் விரல் இல்லை, திரும்பும்போது உரசும் முதுகுப்பைதான். குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். மை தெறித்தால் போகாது என்பதால் பல கூடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. அந்தப் பென்சிலால் முப்பது நொடியில் படத்தின் முக்கியமான கோட்டை மட்டும் நோட்டில் இழுத்துப் பாருங்கள். வரையத் தெரியாது என்று கூச வேண்டியதில்லை, யாருக்கும் காட்டப்போவதில்லை. கை இழுத்த கோடு புகைப்படத்தைவிட அதிக நாள் நினைவில் நிற்கும்.

இதற்கெல்லாம் பிறகு சீட்டைப் படிக்கலாம். பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு இருக்கும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. 90 × 60 என்றால் நின்ற படம். எல்லாரும் தாண்டிப் போகும் ஊடகம் என்ற வரியில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. காகிதத்தில் மை என்றால் திருத்த வழியில்லாமல் போட்ட கோடு. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் என்றால் காய நாள்கணக்கில் ஆகும், அதனால் ஈரத்தின் மேலேயே வேலை செய்திருக்க முடியும். அக்ரிலிக் நிமிடங்களில் காய்ந்துவிடும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவான அடுக்குகள் விழும். எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோட்டில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்சிடும் முறை) என்றிருந்தால் படத்தைச் சுற்றி அமுங்கிய ஓரம் தெரிகிறதா பாருங்கள், உலோகத் தகடு காகிதத்தை அழுத்திய தடம் அது. அதன் அடியில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். மூன்றாவதாக இருப்பதால் இருபதாவதைவிடச் சிறந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி சோழமண்டலம் ஓவியர் கிராமம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. 1966-ல் பணிக்கரின் முன்முயற்சியில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நிலம் வாங்கி அமைத்த கிராமம். நிலத்துக்கான காசு எப்படி வந்தது என்பது அழகான விஷயம்: பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சேர்த்தார்கள். பத்திக்கில் நிறம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகால் கோடு போட்டுத் துணியைச் சாயத்தில் முக்குவார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலையிலும் கோடுதான். 2009-ல் அங்கே மெட்ராஸ் இயக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். வெளியே மரங்களுக்கு நடுவே சிற்பங்கள். கூட்டமில்லாத வேலைநாள் காலையில் போனால் ஒரு கூடம் முழுவதும் உங்களுக்கே கிடைக்கும்.

உள்ளே பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தேடுங்கள். 1963 வாக்கில் தொடங்கி 1977-ல் இறக்கும்வரை அவரைப் பிடித்திருந்த வேலை. கட்டம் கட்டமாக, மலையாள எழுத்து மாதிரியும் கணக்கு மாதிரியும் பொடிப்பொடியாக எழுத்து ஓடும், நடுவே மீன், பாம்பு, முக்கோணம். தமிழர்களுக்கு இங்கே ஒரு அனுகூலமும் ஒரு ஆபத்தும் உண்டு. பார்த்தவுடனே ஜாதகக் கட்டம் என்று தெரிந்துவிடும், அது அனுகூலம். உடனே படிக்க ஆரம்பிப்பார்கள், அது ஆபத்து. அதில் படிக்க ஒன்றுமில்லை. எழுத்தைப் போலத் தோன்றும் கோடுதான் அங்கே ஓடுகிறது. அர்த்தத்தைத் துருவாமல், எந்த இடத்தில் எழுத்து நெருங்குகிறது, எந்த இடத்தில் வெளி விடுகிறார், கண் எங்கே போய் இளைப்பாறுகிறது என்று பார்த்தால் படம் வசப்படும்.

அடுத்து கே. ராமானுஜம். 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோன மனிதர். மனநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டே வரைந்தவர். காகிதத்தில் மையால் அரண்மனைகளும் விசித்திர விலங்குகளும் பெண்களும் நாகங்களும், நடுவே தொப்பி போட்ட ஒரு ஆள். தொப்பிக்காரர் அவரேதான். அவர் படத்தை ஒன்றரை மடங்கு தூர விதிப்படி பார்த்தால் சாம்பல் மூட்டமாகத்தான் தெரியும். இவரிடம் மட்டும் விதியை மீறி மிக அருகில் தொடங்குங்கள். ஒரு மூலையில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு எறும்பு மாதிரி ஊர்ந்து போக வேண்டிய படங்கள். என் மதிப்பில் மெட்ராஸ் இயக்கத்தில் கனவை வரைவதில் இவருக்கு இணை கிடையாது. பணிக்கரை மதிக்கலாம், ராமானுஜத்திடம் மாட்டிக்கொள்ளத்தான் முடியும்.

சிற்பத்தில் பி.வி. ஜானகிராம். செப்புத் தகட்டைத் தட்டி உருவமாக்கி, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்துக் கோடாக ஓடவிடுவார். சுற்றி வந்து பார்க்கும் சிற்பம் இல்லை இது, முன்பக்கம் மட்டுமே கொண்டது. கோவில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொண்டால் உடனே புரியும். உழைப்பாளர் சிலையைச் சுற்றி நடந்த கால்கள் இங்கே நேர் எதிரே நின்றுவிட வேண்டும். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு ‘முடிக்காமல் விட்டிருக்கிறார்’ என்று சொல்பவர்கள் உண்டு. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் உலோகத்தைப் பற்றவைத்து இதே முன்முகப் பாணியில் போனவர், ஆனால் அவர் உருவங்கள் கொடி மாதிரி மேலே மேலே கிளைக்கும். ஜே. சுல்தான் அலியின் காளைகளையும் தெய்வங்களையும் பார்க்கும்போது படத்தின் ஓரத்தில் கிறுக்கியிருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். பணிக்கரின் எழுத்தோடு ஒப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே பொருளை எவ்வளவு வேறாகக் கையாண்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

பலர் தடுமாறும் இடம் ஆதிமூலம். பத்திரிகை ஓவியங்கள் வழியாகவும் நூல் அட்டைகளில் அவர் எழுதிய தலைப்பெழுத்துகள் வழியாகவும் தமிழ் வாசகர்களுக்கு அவர் கோடு ஏற்கெனவே பழக்கம். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பிடிக்காதவர் குறைவு. மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி முகத்தின் சுருக்கமாகவும் நிழலாகவும் ஆகும். அவற்றைப் பார்த்து ‘இவர்தான் என் ஓவியர்’ என்று முடிவு செய்துகொண்டு, அடுத்து அவருடைய பிற்கால எண்ணெய் வண்ணப் படங்கள் முன்னால் போய் நின்றால் உருவமும் இல்லை, கோடும் இல்லை. நிறம் மட்டும் பட்டை பட்டையாக, கத்தியால் இழுத்தது. ஏமாற்றமாக இருக்கும். இங்கேதான் பொறுமை தேவை. அந்த நிறப் பட்டைகளின் ஓரங்களைப் பாருங்கள். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்பு சில இடத்தில் கூர்மை, சில இடத்தில் கரைசல். மைக்கோட்டில் செய்த வேலையை விளிம்பிடம் ஒப்படைத்திருக்கிறார். அப்படிப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. ஒரு ஓவியரின் ஒரு காலம் மட்டும் பிடிப்பது குற்றமில்லை. ஆனால் ஒருவரைப் பிடித்தவர் பட்டியலில் சேர்க்கும் முன் குறைந்தது ஐந்து படைப்பு நேரில் பார்த்திருக்க வேண்டும், அவை இரண்டு வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொண்டால் அவசரக் காதல்கள் குறையும். திரையில் பார்த்தது கணக்கில் சேராது. ராமானுஜத்தின் பொடிக்கோடும் ஜானகிராமின் செம்பும் திரையில் செத்துவிடும்.

காகித ஓவியங்கள் மாட்டிய அறை ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் காகிதத்தைப் பழுப்பாக்கும், மையையும் நீர்வண்ணத்தையும் வெளிறச் செய்யும், வெளிறியது திரும்பாது. அதனால் உலகெங்கும் காகிதத்துக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்ற அளவை ஒட்டி விளக்கு வைக்கிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்த கண் இதற்குப் பழக ஐந்து நிமிடமாவது பிடிக்கும். வந்த வேகத்தில் முதல் படத்தைப் பார்க்காமல் வாசலருகே சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாம். சென்னையில் இன்னொரு எதிரி கடற்காற்று. ஈரம் ஏறிய காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும், செம்பில் பச்சை பூக்கும். ஜானகிராமின் செம்பில் தெரியும் கருமை அவரே வரவழைத்தது, அதை அழுக்கு என்று நினைக்கக் கூடாது.

மறைந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி கிடைக்காது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். பல கண்காட்சிகள் ஒரு வாரம்தான் நடக்கும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குள்ளும் கண்காட்சிக் கூடம் உண்டு, அங்கே செவ்வாய் விடுமுறை. கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி எங்கே நடந்தாலும் தவற விடாதீர்கள். பாதி ஆசிரியரின் சாயலாக இருக்கும், ஒன்றிரண்டு பேரிடம் சொந்தக் கோடு எட்டிப் பார்க்கும்.

தனியார் கேலரிகளுக்குள் நுழையத் தயங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே ஒரே ஒரு ஆள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, வாங்கியாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ‘சும்மா பார்க்க வந்தேங்க’ என்று சொன்னால் போதும். சீட்டின் ஓரம் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாகிவிட்டது. விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். திறப்பு விழா மாலையில் ஓவியரிடம் பேசலாம், ஆனால் ஓவியம் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். விழாவுக்குப் போனால் இன்னொரு நாள் காலையும் போய் வாருங்கள். ஓவியரைச் சந்தித்தால் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வியை விடுத்து, எங்கே ஆரம்பித்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எதை அழித்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு நிற்காது.

நாளடைவில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றும். எண்ணெய் வண்ணத்துக்குக் கை எட்டாதவர்களுக்குச் சிறிய கோட்டோவியமும் எச்சிங்கும் இருக்கின்றன. வாங்கும்போது கையொப்பம், ஆண்டு, ஊடகம் எழுதிய ரசீதும் சான்றும் கேட்டு வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருந்தால், எச்சிங் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அச்சைத் தள்ளுகிறார்களா என்று பார்த்துவிடலாம்: அச்சில் நிறப்புள்ளிகள் தூவியிருக்கும், எச்சிங்கில் கோடு மேடாக நிற்கும்.

சட்டம் போடுகிற கடையில்தான் நிறையப் படங்கள் கெடுகின்றன. சாதாரண அட்டையைப் பின்னால் வைத்துச் செலோடேப்பால் ஒட்டிவிடுவார்கள். சில ஆண்டுகளில் அட்டையின் அமிலம் காகிதத்தில் பழுப்பாக இறங்கும், டேப்பின் பசை கறையாகும். அமிலமில்லாத அட்டை கேளுங்கள், இரண்டு மேல் மூலையில் மட்டும் நீரில் கரையும் பசையால் மெல்லிய காகிதக் கீல் வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவே மவுண்ட் அட்டையின் (படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை) கனம் இருக்க வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியோடு வரும். மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. இருக்கட்டும். நம் வீடுகளில் சாமி படத்தின் உயரத்தில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். மேற்கு வெயில் விழும் சுவரும், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரும் வேண்டாம். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பின்பக்கம் ஒரு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.